கடற்கரை வீட்டில் சன்னல் ஏ.சி.



பங்குனி பிறந்துவிட்டால் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்த சன்னல் ஏ.சி.க்கள் மீண்டும் ஓடத் தொடங்கும். ஓடிய சில நாட்களிலேயே, “சத்தம்தான் வருகிறது, குளிர் வரவில்லை” என்னும் முறையீடு எழும். மெக்கானிக் ஒருவர் வருவார். “கேஸ் இறங்கிவிட்டது” என்பார். நிரப்பிவிட்டுப் பணத்தைப் பெற்றுச் செல்வார். அடுத்த கோடையிலும் அதே காட்சிதான். ஆண்டுதோறும் இறங்கும் அந்த கேஸ் எங்கே போகிறது என்று நாம் கேட்பதே இல்லை. இம்மாதம் அதனைக் கேட்போம்.

முதலில் அப்பெட்டியின் உள்ளமைப்பை அறிந்துகொள்வோம். நடுவே ஒரு தடுப்பு. அறைப் பக்கம் ஒரு காயில், தெருப் பக்கம் ஒரு காயில். இரண்டினூடேயும் கேஸைச் சுற்றிவரச் செய்வது கம்ப்ரஸர். உட்காயில் அறையின் வெப்பத்தை வாங்குகிறது. வெளிக்காயில் அதனைத் தெருவில் இறக்கிவிடுகிறது. ஆகவே ஏ.சி. குளிரைப் பிறப்பிப்பதில்லை; வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியே கொட்டுகிறது. ‘ஒரு டன்’ என்பதும் பெட்டியின் எடையன்று. சுமார் 907 கிலோ பனிக்கட்டி உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் அகற்றும் திறனே ஒரு டன். காசிமேட்டில் மீனுக்காக இறங்கும் ஐஸ் பார்களைக் கண்டவர்களுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

கேஸ், வண்டியில் ஊற்றும் பெட்ரோலைப் போன்று செலவாகும் பொருளன்று. மூடிய குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்துவிட்டதென்றால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

நம் பகுதியில் கசிவு விரைவில் நேர்வதற்குக் காரணம் உண்டு. காயிலின் குழாய் பெரும்பாலும் செம்பு. அதனைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகள் அலுமினியம். உப்பு ஈரம் படியும்போது, ஒன்றையொன்று தொட்டிருக்கும் இவ்விரு உலோகங்களில் அலுமினியமே முதலில் அரிக்கப்பட்டு, வெண்பொடியாய் உதிர்கிறது. கடற்காற்றோடு சாம்பலும் தூசியும் சேர்ந்துகொள்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது 2011இல் நிறுத்தப்பட்டு எண்ணூருக்குப் பெயர்ந்தது. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆயினும் வடசென்னை, வல்லூர் அனல் மின்நிலையங்கள் இருக்கின்றன. லாரிகளின் புழுதியும் ஓயவில்லை. இவையெல்லாம் வெளிக்காயிலில் அப்பிக்கொண்டால் வெப்பம் இறங்க வழியின்றிக் கம்ப்ரஸர் திணறுகிறது; மின்கட்டணமும் ஏறுகிறது. எனவே இங்குள்ளவர்கள் கோடைக்கு முன் ஒருமுறை, மழைக்காலம் கழிந்தபின் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை பெட்டியைக் கழற்றிக் கழுவச் செய்வது நலம்.

இதில் இல்லத்தார் செய்யத்தக்கது எது, செய்யத்தகாதது எது என்பதைத் தெளிவாக அறிய வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பின் முன்மூடியைத் திறந்து, வலையை எடுத்துக் குழாய் நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டலாம். இரு வாரங்களுக்கு ஒருமுறை இதைச் செய்தாலே பாதித் தொல்லை தீரும். நம் வேலை இத்துடன் முடிந்தது.

பெட்டியை வெளியே இழுப்பது இருவர் வேலை. ஒன்றரை டன் பெட்டி ஏறக்குறைய ஐம்பது கிலோ எடையுள்ளது. இழுத்தபின் மெக்கானிக் முதலில் கெப்பாசிட்டரின் மின்சாரத்தை இறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். பின்னர் மோட்டாரையும் வயர்களையும் பாலிதீனால் மூடிவிட்டு, உள்ளிருந்து வெளிநோக்கி மெதுவாக நீர் பாய்ச்ச வேண்டும். தகடுகளை மென்மையான பிரஷால், அவை நிற்கும் திசையிலேயே தேய்க்க வேண்டும். சிலர் அழுக்கு விரைவில் போகவேண்டுமென்று ஆசிட் ஊற்றுவர். உப்பு விட்டுவைத்த அலுமினியத்தை அது தின்றுவிடும். நீர் வெளியேறும் துளையை அடைப்பின்றிச் செய்து, முழுதும் உலர்ந்தபின், தெருப்பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும்படி பெட்டியைப் பொருத்த வேண்டும். இல்லையேல் நீர் அறைக்குள் சொட்டும்.

பழைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-22 என்னும் கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி அது படிப்படியாகக் கைவிடப்பட்டு வருகிறது. 2030 அதற்கு இந்தியா ஏற்றுக்கொண்ட எல்லை. அதனைக் காற்றில் திறந்துவிடுவது தவறு. புதியவற்றுள் ஆர்-32, ஆர்-290 ஆகியவை தீப்பற்றக்கூடியவை. ஆர்-22க்கெனச் செய்த பெட்டியில் இவற்றை நிரப்பச் சம்மதிக்காதீர்கள். எந்த கேஸ் என்பது பெட்டியில் ஒட்டிய தகட்டிலேயே எழுதியிருக்கும்.

இறுதியாக, பணத்தைவிடப் பெரிய இரண்டு செய்திகள். துருப்பிடித்த பெட்டியின் உடலில் மின்சாரம் கசியலாம். எர்த் இணைப்பு சரியாக இல்லையெனில் தொட்டவர் உயிருக்கே ஆபத்து. எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கசிந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரையும் பொருத்துங்கள். அடுத்து, பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். உப்புக்காற்று அதனையும் அரிக்கிறது. நம் குறுகிய சந்துகளில் அப்பெட்டிக்கு நேர்கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்பதை மறக்கலாகாது.

மெக்கானிக் வரும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள்: கசிவு எங்கே? எர்த் சரியா? சட்டம் தாங்குமா? அவரிடமும் ஒன்று சொல்லுங்கள்: “தம்பி, கயிறு கட்டாமல் சன்ஷேடில் இறங்க வேண்டாம்.” நம் அறை குளிர வேண்டும் என்பதற்காக அவர் வீட்டு அடுப்பு அணைந்துவிடலாகாது அல்லவா?