சலூன் கதவும் சட்டப் புத்தகமும்

தலைமயிர் வெட்டுவிப்பதும் ஒரு தலையங்கத்துக்குரிய பொருளா என்று நகைப்போர் இருக்கலாம். கொரோனாக் கொள்ளைநோய் நம் நாட்டில் புகுந்த 2020ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டிலும், அரசாங்கத்தின் கை ஒரு சாதாரண குடிமகனின் வாழ்வில் எவ்வளவு தூரம் நீளலாம் என்ற வினா எழுந்தது. அதற்கு விடை தேடுவோர் உயர் நீதிமன்றத்தின் ஏடுகளைப் புரட்டுமுன், தத்தம் ஊர்ச் சந்தியிலுள்ள சலூனின் கதவை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று. அக்கதவு எத்தனை முறை பூட்டப்பட்டது? எவரால் பூட்டப்பட்டது? எச்சட்டத்தின்படி பூட்டப்பட்டது? முதலாவது வினாவுக்கு அக்கடைக்காரர் விடை கூறுவார். மற்றைய இரண்டுக்கும் அவரால் மட்டுமன்று, சட்டம் பயின்ற எம்மாலும் எளிதில் விடை கூற முடியாதிருந்தது.

2020 மார்ச் 20ஆம் நாள் மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு என்றார்கள். யாழ்ப்பாண மாவட்டம் அபாயம் மிக்க மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டு, இங்கு மக்கள் வாரக்கணக்கில் வீட்டினுள் அடைபட்டனர். அவ்வூரடங்கு ஜூன் 28இல் முற்றாக நீங்கியது. ஒக்டோபரில் "தனிமைப்படுத்தல் ஊரடங்கு" என்ற புதிய பெயர் பிறந்தது. டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் கொத்தணி தோன்றியதும் அச்சுற்றாடல் மூடப்பட்டது. 2021 மே 21இல் வந்ததற்கு ஊரடங்கு என்ற பெயரே இல்லை, அது "பயணத்தடை"யாம். ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடியும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. சலூன்காரருக்கோ எல்லாம் ஒரே பூட்டுத்தான்.

நாம் கூறுவதைத் திரித்துப் பொருள் கொள்ள வேண்டா. கடைகளை மூடியது தவறு என்று நாம் வாதிடவில்லை. மயிர் வெட்டுபவர் தம் வாடிக்கையாளரின் முகத்தருகே, ஒரு சாண் தூரத்தில், கால் மணிநேரமேனும் நின்றே தொழில் செய்ய வேண்டியவர். மூச்சுக்காற்றாற் பரவும் நோய்க்கு அதனிலும் வாய்ப்பான இடம் சிலவே. வைத்தியர்கள் மூடச் சொன்னார்களாயின் அதற்குக் காரணம் இருந்தது. நாம் கேட்பது வேறு. நோயைத் தடுக்கும் கட்டளையும் சட்டத்தின் வழியே வந்திருக்க வேண்டாமா?

பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஊரடங்கு விதிக்கும் அதிகாரத்தைச் சனாதிபதிக்கு அளிக்கின்றது. ஆனால் அக்கட்டளை வர்த்தமானியில் வெளியிடப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகின்றது. 2020 மார்ச்சில் அவ்வாறு வர்த்தமானி எதுவும் வெளியிடப்படவில்லை. ஊடக அறிக்கை வந்தது. பொலிஸ் பேச்சாளரின் வாய்மொழி வந்தது. இதனைச் சட்ட அறிஞர் பலர் அன்றே சுட்டிக்காட்டினர். அரசாங்கத் தரப்பினர் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தை நீட்டினர். நோயாளரையும் நோய் பரவிய இடங்களையும் வேறாக்கி வைக்க வெள்ளையர் காலத்தில் எழுதப்பட்ட அச்சட்டம், நோயே இல்லாத ஊர் உட்பட நாடு முழுவதையும் பூட்டிவைக்க இடந்தருமா என்பது சிறிய வினாவன்று. அவ்வினா தீருமுன்னரே 60,000 இற்கு மேற்பட்டோர் ஊரடங்கை மீறினர் என்று கைதாயினர். அவ்வேளை கேள்வி கேட்கப் பாராளுமன்றமும் இல்லை. மார்ச் 2இல் கலைக்கப்பட்ட சபைக்கு ஓகஸ்ட் 5இலேயே தேர்தல் நடந்தது.

முறைப்படி செய்ய இயலாத அவசரம் என்று சாக்குக் கூறுவோருக்கு அரசாங்கமே விடை தந்துவிட்டது. 2020 ஒக்டோபர் 15இல் முகக்கவசம், இடைவெளி ஆகியவை பற்றிய ஒழுங்குவிதிகள் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வெளிவந்தன. ஒக்டோபரில் இயன்றது மார்ச்சில் ஏன் இயலாதுபோயிற்று?

எழுத்தில் இல்லாத கட்டளைக்கு எல்லையும் இல்லை, எசமானர் தொகையும் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி ஒன்று சொல்வார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதற்கு ஒரு விளக்கம் சொல்வார். பிரதேச சபை ஓர் அறிவித்தல் ஒட்டும். வீதியில் நிற்கும் பொலிஸார் இவை எதனையும் அறியாதிருப்பர். ஒரு கிராம அலுவலர் பிரிவை முடக்கினால் வீதியின் இப்பக்கத்துச் சலூன் மூடியிருக்கும். அப்பக்கத்துச் சலூன் திறந்திருக்கும். திறந்த கடைக்காரர் வாடிக்கையாளரின் பெயர் எழுதிக் கை கழுவ நீரும் வைத்துக் காத்திருப்பார். மறுநாட் காலை வானொலி வேறொன்று கூறும். இதற்கிடையே தொலைக்காட்சியில் தோன்றி மக்களுக்குப் புத்தி கூறிய பெரியோர் எவருடைய பிடரியிலும் மயிர் வளர்ந்திருக்க நாம் கண்டிலோம்!

கமக்காரருக்கு அன்று ஒரு சலுகை இருந்தது. ஊரடங்கிலும் தோட்டத்துக்கும் வயலுக்கும் செல்லலாம் என்றனர். சந்தை பூட்டியிருக்க விளைந்த மரக்கறி எங்கே போவது என்பதை எவரும் எண்ணவில்லை என்பது வேறு கதை, தொழிலாவது தடைப்படவில்லை. அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதச் சம்பளம் வந்தது. நீதிமன்றத் தவணைகளும் ஏனைய சட்டக் காலக்கெடுக்களும் தவறியோருக்கு நிவாரணமளிக்க 2021 ஓகஸ்டில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அன்றாடம் வெட்டி அன்றாடம் உண்பவர் நிலை என்ன? கடை வாடகை நிற்கவில்லை, சீட்டுக்காசு நிற்கவில்லை. 2020 ஏப்பிரலிலும் மேயிலும் வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுத்தனர். அதனை நாம் இகழவில்லை. ஆனால் அது இரக்கத்தாற் கொடுத்தது. தொழிலை மூடியதற்கு ஈடாகக் கொடுத்ததன்று.

இவை எல்லாவற்றினும் எம்மைச் சுட்டது இன்னொன்று. சலூன் பூட்டியிருந்த நாட்களில், வசதி படைத்த எம்மவர் சிலர் தொழிலாளரை இரகசியமாக வீட்டுக்கு அழைத்தனர். கொல்லைப்புற வழியாக வரச்சொல்லி, மாமரத்தின் கீழ் முக்காலியிட்டு அமர்ந்தனர். பிடிபட்டால் கைதாவது அவர், அழைத்தவரல்லர். யாழ்ப்பாணத்தில் இக்காட்சிக்குரிய பொருள் தெரியாதார் இல்லை. தலைமுறை தலைமுறையாக வீடு வீடாகச் சென்று, வாசலுக்கு வெளியே நின்று, அறுவடைக்கு அறுவடை அளந்து போட்ட நெல்லைப் பெற்றுக் குடிமைத் தொழில் செய்தவர்களின் பிள்ளைகள், சந்தியில் ஒரு கடை எடுத்து, கண்ணாடி மாட்டி, கூலியைச் சுவரில் எழுதி வைத்து, "வருபவர் என் கதிரையில் வந்து அமரட்டும்" என்று நிமிர்ந்தது நேற்றைய வரலாறு. அக்கதிரையில் இன்னார் அமரலாம், இன்னார் அமரலாகாது என்ற கொடுமையும் இருந்தது. அதனையும் போராடியே நீக்க வேண்டியிருந்தது. அத்தனையும் கடந்து நிலைபெற்ற கடையை ஒரு வாய்மொழிக் கட்டளை பூட்டியபோது, பழைய கொல்லைப்புற வழி மீண்டும் திறந்துகொண்டது. கட்டளையிட்டோர் இதனை அறிந்திரார். அழைத்தோர் அறிவர்.

இனியொரு கொள்ளைநோய் வருமாயின், கடையை மூடும் கட்டளை எழுத்தில், தமிழிலும் அதே நாளில், வர்த்தமானியில் வரவேண்டும். எந்நாள் வரை, எக்காரணத்தால், எவருடைய கையொப்பத்துடன் என்பது அதில் இருக்கவேண்டும். குறித்த நாள் கழிந்தால் அது தானே சாகவேண்டும். நீட்டிப்பதாயின் பாராளுமன்றம் நீட்டிக்கட்டும். மூடப்பட்ட நாட்களுக்கு வாடகையும் உணவும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்குமாறு வாசகர்களை வேண்டுகின்றோம்.

அதுவரை, கடை வாசலில் நின்று மூடு என்று கூறும் எவரிடமும் "எழுத்திலே தாருங்கள்" என்று கேட்பதற்குச் சலூன் தொழிலாளருக்கு உரிமை உண்டு. தனியே நின்று அப்படிக் கேட்க அவர் அஞ்சுவார். மாவட்டந்தோறும் உள்ள சட்டத்தரணிகள், கட்டணம் கருதாது, அவர்களுடைய சங்கங்களுடன் அமர்ந்து அவ்வுரிமையை விளக்கவும், வழக்கு வந்தால் முன்னிற்கவும் இப்போதே ஒழுங்கு செய்யலாம். அப்பணிக்கு முன்வருவோர் எமக்கு எழுதுவார்களாக.