பழைய லிஸ்ட்டில் இருக்கிறார், புது லிஸ்ட்டில் "காணோம்"!
இனிஷியல் மாறியதால் வந்த வினை: கடற்கரையில் இருந்து ஒரு கண்ணோட்டம்

ராமநாதபுரம்,

2024 பாராளுமன்ற தேர்தலை இந்த ஊர்க்காரர்கள் சுலபத்தில் மறக்க மாட்டார்கள். முன்னாள் முதல்-அமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழம் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். ஓட்டு மிஷினைப் பார்த்தால் இன்னும் நாலைந்து பன்னீர்செல்வங்கள்! பலருக்கு இனிஷியலும் அதே "ஓ". ஜெயித்தது என்னவோ ஏணி சின்னத்தில் நின்ற நவாஸ்கனி. ஆனால் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறாக இருக்கலாம் என்ற பாடத்தை இந்த தொகுதிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த வருடமே அதற்கு நேர் எதிரான கூத்து நடந்தது. ஆள் அதே ஆள்தான். பெயரில் ஒரு புள்ளி, இனிஷியலில் ஒரு எழுத்து மாறியிருந்தது. "அது நீங்கள் இல்லை" என்றது லிஸ்ட்.

வாக்காளர் பட்டியல் தீவிர திருத்தத்தைத்தான் சொல்கிறோம்.

97 லட்சம் பெயர்கள்

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-ந் தேதி வேலை தொடங்கியது. பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி அலுவலர்கள் வீடு வீடாகப் போய் ஆளுக்கு இரண்டு படிவம் கொடுத்தார்கள். டிசம்பர் 4-ந் தேதி கடைசி நாள் என்றார்கள். அது 11 ஆகி, பிறகு 14 ஆனது. டிசம்பர் 19-ந் தேதி வரைவு பட்டியல் வெளிவந்தது.

முன்பு இருந்த பெயர்கள் 6 கோடியே 41 லட்சம். வரைவு பட்டியலில் 5 கோடியே 43 லட்சம். போனது 97 லட்சத்து 37 ஆயிரம் பெயர்கள். நூற்றுக்கு பதினைந்து!

இதில் இறந்தவர்கள் என்று காட்டப்பட்டது 26.94 லட்சம். இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் 3.39 லட்சம். இந்த இரண்டையும் யாரும் குறை சொல்ல முடியாது. செத்தவர் பெயரில் ஓட்டு விழுவதை ஒவ்வொரு தேர்தலிலும் நாமே செய்தியாகப் போட்டிருக்கிறோம். லிஸ்ட்டை சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

மூன்றாவது கணக்குதான் இடிக்கிறது. "முகவரியில் இல்லை, இடம் மாறி விட்டார்" என்ற தலைப்பில் மட்டும் 66.44 லட்சம் பேர். நீக்கப்பட்டதில் மூன்றில் இரண்டு பங்கு இதுதான்.

இறந்தவருக்கு சர்டிபிகேட் உண்டு. "இல்லாதவருக்கு" என்ன உண்டு? கதவு பூட்டியிருந்தது, படிவம் திரும்பி வரவில்லை, அவ்வளவுதானே?

புயல் நேரத்தில் கதவைத் தட்டினால்...

நவம்பர் கடைசி என்றால் ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் என்ன நிலைமை என்று சென்னையில் இருப்பவர்களுக்கு தெரியாமல் இருக்கலாம். வடகிழக்கு பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம். இலங்கையைப் புரட்டிப் போட்ட "டிட்வா" புயல் வந்ததும் அதே நவம்பர் கடைசியில்தான்.

அது தவிர, இந்த கடற்கரை மக்கள் வருடம் பூராவும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஜனமும் இல்லை. விசைப்படகு தொழிலாளி கேரளாவுக்கு போவார், தூத்துக்குடிக்கு போவார். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். இன்னும் சிலர் எல்லை தாண்டியதாக இலங்கை கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணம் சிறையில். "இடம் மாறியவர்" என்ற ஒரே டப்பாவில் இவர்கள் எல்லாரையும் போட முடியுமா?

வீட்டில் உள்ள வேறு பெரியவர் யாராவது கையெழுத்து போட்டு கொடுக்கலாம் என்று விதி இருந்தது. விதி இருந்தது சரி, அது எத்தனை குடிசைக்கு தெரியும்?

ராமேஸ்வரம் துறைமுகத்தில் ஒரு பழக்கம் உண்டு. மீன்துறையிடம் டோக்கன் வாங்கிக் கொண்டுதான் விசைப்படகு கடலுக்கு போகும். டோக்கன் வாங்கிய படகு திரும்பி வரவில்லை என்றால் "இடம் மாறி விட்டது" என்று எழுதி நோட்டை மூடி விடுவார்களா? தேடிக் கொண்டு போவார்கள். இரண்டு லிஸ்ட்டை ஒட்டிப் பார்ப்பதே விட்டுப்போன ஆளைத் தேடத்தான்.

2002 லிஸ்ட் எங்கே?

படிவம் கொடுத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. படிவத்தின் கீழ்ப்பகுதியில் 2002-ம் வருட பட்டியலில் (சில தொகுதிகளுக்கு 2005) தன் பெயரோ, பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். பழைய லிஸ்ட்டோடு புது லிஸ்ட் ஒட்ட வேண்டும். ஒட்டாதவர்களை நோட்டீஸ் அனுப்பி விசாரணைக்கு கூப்பிடலாம்.

கேட்க சுலபம். ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் தொகுதியே மாறிப் போயிருக்கிறது. அந்த காலத்தில் கடலாடி என்று தனி சட்டசபை தொகுதி இருந்தது. 2008 மறுசீரமைப்பில் அது காணாமல் போய்விட்டது. கடலாடி ஆள் இன்று முதுகுளத்தூர் தொகுதி. பழைய பாகம் எண், பழைய பூத், பழைய கதவு நம்பர் எதுவும் இன்றைக்கு பொருந்தாது.

அடுத்தது பெயர். வடநாட்டில் குடும்பப்பெயர் உண்டு. நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். கல்யாணம் ஆனால் பெண்களுக்கு அதுவும் மாறுகிறது. பாம்பனில் பிறந்த ஒரு பெண் 2002-ல் "சூ.ஆரோக்கியமேரி", அப்பா சூசை வீட்டில் ஓட்டு. தங்கச்சிமடத்தில் வாக்கப்பட்டு இன்று "அ.ஆரோக்கிய மேரி", கணவர் அந்தோணி என்று வைத்துக் கொள்வோம். இனிஷியல் வேறு, உறவு வேறு, ஊர் வேறு. பெயருக்கு நடுவே ஒரு இடைவெளி கூடுதல். மனுஷன் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் புரிந்து கொள்வான். மிஷின் "இல்லை" என்று சொல்லும்.

ஏர்வாடி தர்கா புண்ணியத்தில் இந்தப் பக்கம் தெருவுக்கு பத்து இப்ராகிம் உண்டு. ஒருவர் "செய்யது இபுராகிம்". இன்னொரு லிஸ்ட்டில் "சையது இப்ராஹிம்". ஆள் ஒன்றா இரண்டா? ஏன், ஊர் பெயரையே எடுத்துக் கொள்ளுங்கள். ராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேசுவரம் என்று மூன்று விதமாக போர்டு மாட்டியிருக்கிறோம்!

கம்ப்யூட்டர் தெரிந்தவர்களைக் கேட்டால் விவரமாக சொல்வார்கள். எக்செல்லில் இரண்டு லிஸ்ட்டை போட்டு ஒட்டாததை எடு என்றால் நொடியில் எடுத்துவிடும். ஆனால் "கா.முருகன்" என்பதும், புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு அடித்த "கா. முருகன்" என்பதும் அதற்கு இரண்டு ஆள். சரி, ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும் என்று தளர்த்தினால், எல்லா இப்ராகிமும் ஒரே இப்ராகிம் ஆகிவிடுவார்.

அமெரிக்காவிலேயே இது நடந்திருக்கிறது. 2000-ம் வருட ஜனாதிபதி தேர்தலுக்கு முன் புளோரிடா மாநிலத்தில் குற்றவாளிகள் லிஸ்ட்டையும் ஓட்டர் லிஸ்ட்டையும் ஒட்டிப் பார்த்தார்கள். பெயர் ஏறக்குறைய ஒத்துப் போனாலே சந்தேக லிஸ்ட்டில் சேர்த்தார்கள். குற்றமே செய்யாதவர்களும் மாட்டினார்கள். அந்த மாநிலத்தில் புஷ் ஜெயித்தது வெறும் 537 ஓட்டில்!

அமர்த்தியா சென்னுக்கே நோட்டீஸ்

மேற்கு வங்காளத்தில் இன்னும் விசேஷம். அப்பா அம்மா வயதுக்கும் பிள்ளை வயதுக்கும் 15 வருடத்துக்கு குறைவாக இடைவெளி இருந்தால் "முரண்பாடு" என்று கம்ப்யூட்டர் கொடி காட்டியது. 2026 ஜனவரியில் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென்னுக்கே இப்படி நோட்டீஸ் போனது. லிஸ்ட்டில் வயது சரியாக ஏறவில்லை என்றால் அவருக்கும் கதி இதுதான். அவருக்கு என்றால் பத்திரிகை எழுதும். மண்டபத்தில் வலை பின்னுகிறவருக்கு யார் எழுதுவது?

கடையில் கணக்குப்பிள்ளை ஸ்டாக் புக்கையும் பில் புக்கையும் ஒட்டிப் பார்ப்பது எப்படி? டேலி ஆனதை டிக் போட்டுவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாக பிரித்துப் பார்ப்பார். மூட்டை குறைகிறது என்றவுடன் கடைப்பையன் கையைப் பிடிக்க மாட்டார். முதலில் தன் எழுத்தைத்தான் சந்தேகப்படுவார். 20 வருட பழைய லிஸ்ட்டை வைத்துக் கொண்டு, ஆறு வாரத்தில் ஆறு கோடி பேரை ஒட்டிப் பார்க்கச் சொன்னால் பி.எல்.ஓ. பாவம் என்ன செய்வார்?

தி.மு.க. இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. அ.தி.மு.க. ஆதரித்தது. அந்த சண்டை இருக்கட்டும்.

போட்டோவை வைத்து தேடுவது எப்படி?

பீகாரில் 2025 ஆகஸ்டு 1-ந் தேதி வந்த வரைவு பட்டியலில் 65 லட்சம் பெயர் இல்லை. யார், எதனால் என்று சொல்லவில்லை. ஆகஸ்டு 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, 65 லட்சம் பெயரையும் காரணத்தோடு வெளியிடச் சொன்னது. அதற்கு முன்பே "இறந்து போன" சிலர் உயிரோடு வந்து நின்றார்கள்.

ஆனால் இன்னொரு கதவு பூட்டித்தான் கிடக்கிறது. கம்ப்யூட்டரில் தேடக்கூடிய வடிவில் ஓட்டர் லிஸ்ட்டை கொடுங்கள் என்று மத்திய பிரதேச காங்கிரசின் கமல்நாத் போட்ட வழக்கை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. வேண்டுமானால் நீங்களே மாற்றிக் கொள்ளுங்கள் என்றது. வாக்காளரின் அந்தரங்கம் பாதிக்கும் என்பது கமிஷன் சொன்ன காரணம். ஆக, கமிஷன் ஒட்டிப் பார்ப்பது கம்ப்யூட்டரில். கட்சிக்காரரும் பொதுமக்களும் ஒட்டிப் பார்ப்பது பக்கம் பக்கமாக, ஸ்கேல் வைத்து, கண்ணாடி போட்டுக் கொண்டு!

லிஸ்ட் சொல்வதே கடைசி வார்த்தை இல்லை என்பதற்கு மண்டபம் முகாமே சாட்சி. 1986-ல் அந்த அகதிகள் முகாமில் பிறந்த ஒரு பெண், அந்த வருடம் இந்தியாவில் பிறந்ததாலேயே தான் இந்திய பிரஜை என்று ஐகோர்ட்டு மதுரை கிளையில் வழக்காடி ஜெயித்தார். 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அதுவரை அவர் அகதி லிஸ்ட்டில் இருந்தவர்.

பெயர் விட்டுப் போனவர்கள் படிவம் 6 கொடுத்து மறுபடி சேரலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு படிவம் 6-ஏ. பெயர் இருக்கிறது, இனிஷியலோ எழுத்தோ தப்பு என்றால் படிவம் 8. இந்த மூன்றாவது ரகத்தினர்தான் "எப்படியோ பெயர் இருக்கிறதே" என்று சும்மா இருந்து விடுகிறார்கள். அடுத்த தடவை ஒட்டிப் பார்க்கும்போது முதலில் விழப்போவது அவர்கள் பெயர்தான்.