கலைக்களஞ்சியமும் நம் கடமையும்

பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் எங்களிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "அடுத்து எந்தக் கல்லூரி?" முன்பெல்லாம் இதற்கு விடை தேடி மூத்த அக்காமாரையும், பங்குத் தந்தையையும், சிஸ்டர்களையும் நாடுவார்கள். இன்று கைப்பேசியில் கல்லூரியின் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். அங்கே முன்னால் வந்து நிற்பவற்றுள் ஒன்று விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம். பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்று, மகளின் படிப்புக்காகக் காசு சேர்க்கும் ஒரு தந்தை அந்தப் பக்கத்தை நம்பி முடிவெடுக்கிறார் என்றால், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் பொறுப்புள்ள சொல்லாக இருக்க வேண்டாமா?

எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஒரு கிறிஸ்தவக் கல்லூரியைப் பற்றிய கட்டுரையில், "தென்னாட்டிலேயே தலைசிறந்தது; ஒழுக்கத்தின் உறைவிடம்" என்று எங்களில் சிலர் எழுதிச் சேர்த்தோம். மறுநாள் பார்த்தால் யாரோ அதை நீக்கியிருந்தார்கள். "நம்மவர் நடத்துவது என்பதால்தான் நீக்கிவிட்டார்கள்" என்று கொதித்தோம். எங்கள் ஆசிரியை அமைதியாகக் கேட்டார்: "தலைசிறந்தது என்று யார் சொன்னது? சான்று எங்கே?" எங்களிடம் பதில் இல்லை. அன்று அடைந்த வெட்கமே எங்களை இதை எழுத வைத்தது.

தமிழில் முதற் பெருங் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, அறிஞர் பலரைக் கொண்டு அதனை உருவாக்கினார். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றை யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அதன் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே. 2005ஆம் ஆண்டில் ஜான் சைகன்தாலர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையுடன் தொடர்புபடுத்தி ஒருவர் விளையாட்டாக எழுதிய பொய், ஏறத்தாழ நான்கு மாதங்கள் அப்படியே கிடந்தது. பழிச்சொல் எழுத ஒரு நிமிடம் போதும். அதைத் துடைக்க மாதங்கள் ஆயின.

பொய்ப் பழியைப் போலவே பொய்ப் புகழும் தீங்கு செய்யும். நம் நாட்டில் ஐ.ஐ.பி.எம். என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை, விக்கிப்பீடியாவின் நிர்வாகிகளுள் ஒருவரே பல ஆண்டுகள் நடுநிலையின்றித் திருத்தி வந்தார். 2015இல் அதன் தீர்ப்புக் குழு அவரை விலக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பக்கத்தை நம்பிப் பணம் கட்டிய பெற்றோர் இருந்திருந்தால், அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இனி நம்மவர் நிறுவனங்களுக்கு வருவோம். நம் மாவட்டத்துப் பெண்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய தொலைவில் இருப்பது பெங்களூர் கிறைஸ்ட். சி.எம்.ஐ. சபைத் துறவியர் 1969இல் அதைக் கல்லூரியாகத் தொடங்கினர். 2008இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. "நிகர்நிலை" என்ற சொல் எதற்கு, பல்கலைக்கழகம் என்றாலே போதாதா என்று தோன்றலாம். போதாது. 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, இத்தகைய நிறுவனங்கள் தங்கள் பெயரில் பல்கலைக்கழகம் என்று மட்டும் போட்டுக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியது. அதுபோலவே, 1925இல் தொடங்கிய சென்னை லொயோலா, சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த தன்னாட்சிக் கல்லூரி. அதைப் பல்கலைக்கழகம் என்று எழுதினால் பெருமை கூடாது, பிழைதான் கூடும்.

உண்மைக்கு ஒப்பனை தேவையில்லை. வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரியை 1818இல் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவர் நிறுவினர். பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் அரசர் அதற்கு அளித்தார். "தலைசிறந்த" என்ற சொல் இவற்றில் எங்கும் இல்லை. ஆயினும் படிப்பவர் மனத்தில் மதிப்புத் தானே உயர்கிறது அல்லவா?

"நம்மைப் பற்றி வேண்டுமென்றே தவறாக எழுதுபவர்களை என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சான்றில்லாத பழியை நீக்கக் கேட்பது நம் உரிமை. எங்கோ நடந்த ஒரு தகராறு கட்டுரையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தால், அளவு தவறிவிட்டது என்று சொல்வதும் நம் உரிமை. ஆனால் நம்பத்தகுந்த ஏடுகளில் வெளிவந்த ஒரு குறையை, நமக்குக் கசக்கிறது என்பதற்காக அழிப்பது உரிமையாகாது. நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தாமே கட்டுரையைத் திருத்தாமல், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், தாம் யார் என்பதை மறைக்காமல், சான்றோடு திருத்தம் கேட்பதே அங்குள்ள நல்வழி. மறைவாகத் திருத்தினாலும் பயனில்லை. ஒவ்வொரு மாற்றமும் நாளும் நேரமும் குறித்து வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிவிடும்.

பொய்ச்சாட்சியைத் தடுக்கும் எட்டாம் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் சிறு வயதிலேயே படித்தோம். அது அயலாருக்கு எதிராகச் சொல்லும் பொய்க்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தோம். நமக்குச் சாதகமாகச் சொல்லும் பொய்யும் பொய்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஆகவே தோழியரே, நாம் ஒரு சிறு முயற்சி செய்வோம். நாம் சேர விரும்பும் கல்லூரியின் பக்கத்தைப் படிப்போம். தொடங்கிய ஆண்டு, இணைவு, பாடப்பிரிவு ஆகியவற்றைச் சான்றுடன் ஒப்பிட்டுப் பார்ப்போம். தவறு கண்டால், அது புகழாயினும் பழியாயினும், திருத்தம் கேட்போம். பெற்றோரும் அந்த ஒரு பக்கத்தோடு நின்றுவிடாமல் கல்லூரிக்கே நேரில் சென்று விசாரிக்க வேண்டுகிறோம். நாங்கள் எழுதிய அந்த இரண்டு வரிகளும் நீக்கப்பட்டது சரியே. அந்த இடத்தில் கல்லூரி தொடங்கிய ஆண்டைச் சான்றுடன் சேர்த்தோம். அது இன்றுவரை அங்கே இருக்கிறது.