நிரம்பிய வயிறும் நெஞ்செரிச்சலும்

வயிறு முட்ட உண்டபின் தொழ நின்று, ஸஜ்தாவுக்குக் குனியும்போது புளித்த நீர் தொண்டைவரை ஏறிவருவதை நம்மில் பலர் அறிவர். ரமளானில் ஸஹர் உண்டு ஸுப்ஹுக்கு வருவோருக்கு இது நன்கு பழகியதே. 'வாயுக் கோளாறு' என்று கூறி மறந்துவிடுகிறோம். அடியேனும் பல்லாண்டுகள் அவ்வாறு மறந்திருந்தவனே.

இரைப்பையும் உணவுக்குழாயும் கூடுமிடத்தில் தசையாலான வாயில் ஒன்று உண்டு. உணவு இறங்கத் திறந்து, உடனே மூடிக்கொள்வது அதன் பணி. வயிற்றினுள் குடல்களைச் சூழ்ந்து கொழுப்பு சேரச் சேர, இரைப்பை அழுத்தப்படுகின்றது. வாயில் தளர்ந்து அமிலம் மேலேறுகின்றது. அமிலத்தைத் தாங்கும் ஆற்றலை இரைப்பையின் உட்சுவருக்கு அல்லாஹ் அளித்துள்ளான்; உணவுக்குழாயின் உட்சவ்வு அத்தகையதன்று. அது புண்ணாகின்றது. சிலருக்கு நாளடைவில் தன் இயல்பே மாறி, குடலின் உட்சவ்வைப் போன்றதாகிவிடுகின்றது. 1950-இல் இதுபற்றி எழுதிய லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட்டின் பெயராலேயே இந்நிலை வழங்குகின்றது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் வருவதில்லை, சிலர்க்கு வருகின்றது. மாறிய சவ்வு எரிச்சலை முன்போல் உணராமலும் போகலாம். நோயாளியோ குணமாயிற்றென்று மகிழ்ந்திருப்பார்!

இதில் உடலின் எடையைவிட இடுப்பின் சுற்றளவே பெரிதும் கவனிக்கத்தக்கது. கைகால் மெலிந்து தொந்தி மட்டும் பருத்தவரும் தப்புவதற்கில்லை. தெற்காசியருள் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை என்பர். அடியேன் அதைக் கடந்து நெடுநாளாயிற்று.

முதுகை நிமிர்த்தச் சில கவளங்களே மனிதனுக்குப் போதும் என்றும், இயலாவிடில் வயிற்றில் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மிக்தாம் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீயில் காண்கிறோம். மூன்றில் ஒரு பங்கு என்பதே சலுகை. அதையே நாம் உச்ச நெறியாகப் பயான் செய்கிறோம். பின்னர் வலீமாப் பந்தியில் அமர்ந்தால் மூன்று பங்கும் பிரியாணிக்கே! "ஹஜ்ரத், இன்னும் கொஞ்சம்" என்று வீட்டார் வைக்க, மறுத்தால் மனம் நோவாரே என்று உண்கிறோம். இந்த வற்புறுத்தலை விருந்தோம்பல் என்று அடியேன் இனி ஒப்புவதற்கில்லை. போதும் என்று கையை மறித்தவரின் தட்டில் மேலும் வைப்பது அவருக்குச் செய்யும் உபகாரமன்று.

பல்லாண்டுகளாய் நெஞ்செரிச்சல் உள்ளவர், அதிலும் ஐம்பதைக் கடந்த, தொந்தி பருத்த, புகைபிடிக்கும் ஆண்கள், மருத்துவரிடம் சென்று எண்டோஸ்கோப்பி தேவையா என்று கேட்டறிதல் வேண்டும். விழுங்கும்போது உணவு தடைப்பட்டால் ஒரு நாளும் தாமதித்தலாகாது. இந்நோயாளிகளை இடப்புறம் சாய்ந்து உறங்குமாறு மருத்துவர் கூறுவதுண்டு. வலப்புறம் படுப்பதன்றோ சுன்னத் என்று அவர்கள் கலங்க வேண்டியதில்லை. பிணியாளர்க்கு மார்க்கம் இடமளித்தே இருக்கின்றது.

அடியேன் பரிசோதித்துக்கொண்டேன். புண் மட்டுமே என்றார் மருத்துவர். இப்போது இரவு உணவு மஃரிபுக்குப் பின்னும் இஷாவுக்கு முன்னும் முடிந்துவிடுகின்றது.