புகைக்குத் தண்டம் உண்டு. புது இயந்திரத்துக்குப் பணம் உண்டா?

டீசல் இயந்திரம் கக்கும் புகை புற்றுநோயை விளைவிப்பதென்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012 ஆம் ஆண்டிலேயே தீர்ப்புக் கூறிவிட்டது. அப்புகை ஒழியவேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேற்றுமை இருக்க முடியாது. ஒழிப்பதற்கான செலவை யார் தலையிற் கட்டுவது என்பதே இன்றுள்ள வழக்கு.

இவ்வழக்கிற் கொழும்பு அரசாங்கங்கள் கண்ட விடை ஒன்றேதான்: வண்டி வைத்திருப்பவன் கொடுக்கட்டும்! 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனையில் அவனே கட்டணம் செலுத்துகிறான். தவறினால் அவனே திருத்தச் செலவையும் ஏற்கிறான். அத்தாட்சிப்பத்திரம் இன்றேல் வருமான உத்தரவுப் பத்திரமும் இல்லை. 2019 இல் காபன் வரி என்றொன்று வந்தது. வண்டியின் வயது ஏற ஏற வரியும் ஏறிற்று. பழைய லொறியை ஒருவன் ஆசைக்காகவா வைத்திருக்கிறான்? புதியது வாங்க வகையில்லாதவனன்றோ பழையதை ஓட்டுகிறான்! அவ்வரி ஓராண்டளவில் மறைந்தது. அடுத்து, 2020 இல் வாகன இறக்குமதிக்கே தடை வந்து 2025 இன் தொடக்கம் வரை நீடித்தது. புதிய வண்டிக்குக் கதவடைத்துவிட்டுப் பழைய வண்டியின் புகையைப் பழிப்பதில் என்ன நியாயம் உண்டு?

கலிபோர்ணியாவின் சான் வோகீன் பள்ளத்தாக்குக்கு நம் கமக்காரரை ஒருமுறை மனத்தால் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். திராட்சையும் பருத்தியும் தக்காளியும் விளையும் பெருநிலம் அது. இருபுறமும் மலைத்தொடர்கள் நிற்பதனால் எழுந்த புகை வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கி நிற்கும். உழவு இயந்திரங்களும், நிலத்தடி நீரை இறைக்கும் ஆயிரக்கணக்கான டீசல் இயந்திரங்களும் அப்புகைக்குப் பெரும்பங்கு செலுத்தின.

அந்த மாநில அரசு 1998 இல், மறைந்த காற்றுத் தூய்மை அறிஞர் கார்ல் மோயரின் பெயரால் ஒரு திட்டத்தை வகுத்தது. பழைய டீசல் இயந்திரத்தைக் கைவிட்டுத் தூய இயந்திரத்தைப் பொருத்துபவனுக்கு, அதனால் நேரும் மேலதிகச் செலவில் ஒரு பங்கை அரசு கொடுத்தது. கமத்தொழிலுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த அனுமதிப்பத்திர விலக்கை நீக்கும் சட்டம் வந்ததோ 2003 இல். பணம் முன்னே வந்தது. சட்டம் பின்னே வந்தது. இந்த வரிசையை வாசகர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். 2005 இலே டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறிய நீரிறைப்பு இயந்திரங்களுக்குக் குறைந்த மின்கட்டணமும் வகுக்கப்பட்டது.

அத்திட்டத்தின் உயிர்நாடியான விதி ஒன்றுண்டு. சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கிவிட்ட காரியத்துக்கு ஒரு சதமும் இல்லை. சட்டம் கேட்பதற்கு மேலாக அல்லது முந்திச் செய்பவனுக்கே கொடுப்பனவு. ஆகவே இது பிச்சையுமன்று, தேர்தற் காலத்துச் சலுகையுமன்று. பொதுமக்களின் நுரையீரலுக்காக அரசு விலை கொடுத்து வாங்கும் ஒரு பொருள் அது. வாங்கிய பொருளைச் சரிபார்க்கவும் அவர்கள் தவறவில்லை. மத்திய அரசு 2012 தொடக்கம் பாடசாலை பஸ் வண்டிகளுக்கு வழங்கிய கொடுப்பனவுகளில், பழைய இயந்திரத்தின் இரும்புடலில் மூன்றங்குல ஓட்டை துளைத்து, வண்டியின் அடிச்சட்டத்தை இரண்டாக அறுத்து, படம் பிடித்து அனுப்பவேண்டும் என்பது நிபந்தனை. இல்லையேல் அந்த இயந்திரம் இன்னோர் ஊரில் இன்னோர் ஏழையின் வண்டியிற் புகைந்துகொண்டிருக்கும். (நம்மூர்ப் பழைய இரும்புக் கடைகளை அறிந்தவர்க்கு இதன் அவசியத்தை விளக்கத் தேவையில்லை.)

குறைகளும் இருந்தன. முதலிற் செலவு செய், பற்றுச்சீட்டைக் காட்டு, பின்னர் பணம் பெறு என்பது கையிற் காசுள்ளவனுக்கே உதவும் முறை. 2022 இல் அமெரிக்க மத்திய அரசே இதை உணர்ந்து, பஸ் வண்டிக்குக் கட்டளை கொடுத்த சான்றைக் காட்டிய உடனேயே பணம் கொடுக்கவும், வறிய பகுதிகளுக்கும் கிராமப் பகுதிகளுக்கும் முதலிடம் வழங்கவும் முன்வந்தது. ரெக்சாஸ் மாநிலத்திலோ 2001 முதல் இதற்கெனத் திரட்டிய பணத்திற் பெருந்தொகை செலவிடப்படாமல் அரசின் கணக்கிலேயே கிடந்தது. திறைசேரிக்கு வெளியே தனி நிதியமாக அது பிரிக்கப்பட்டது 2021 இலேதான்.

மாசுபடுத்தியவனே செலுத்தவேண்டும் என்பது சட்டக் கோட்பாடல்லவா என்று என் தொழில் நண்பர்கள் கேட்பார்கள். ஆம், சுன்னாகத்து அனல்மின் நிலையம் கிணறுகளைக் கெடுத்த வழக்கில் 2019 இல் நம் உயர் நீதிமன்றம் அக்கோட்பாட்டின்மேலேயே இரண்டு கோடி ரூபா நட்டஈட்டுக்குக் கட்டளையிட்டது. நானும் அத்தீர்ப்பைப் போற்றுகிறேன். ஆயின் மின்சாரத்தை விற்று ஆதாயம் கண்ட கம்பனிக்கு வேறு வழி தெரிந்தெடுக்கும் வல்லமை இருந்தது. வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் கமக்காரனுக்கு அது எங்கே இருக்கிறது? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340 ரூபாவாயிற்று. துலா மிதித்த காலத்துக்கா அவன் திரும்பிப் போவது? பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய மக்கள் நாம். இயலாததை இயன்றதாக்கக் கற்றவர்கள். அந்தத் திறமையை நம்பியே ஓர் அரசு தன் கடமையைக் கைகழுவிவிட இடங்கொடுக்கலாகாது.

திட்டங்களின் பெயரால் அங்குமிங்கும் சிலருக்குச் சில கிடைத்ததுண்டு. அதிகாரியின் மனம்போலக் கிடைத்தன. நாம் கேட்பது உரிமை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் இனிப் புகைக் கட்டுப்பாடு இறுக்கப்படுமாயின், அதற்கு முந்திய சில ஆண்டுகளேனும் இயந்திரம் மாற்றுவோர்க்குக் கொடுப்பனவு வழங்கும் ஏற்பாடு அதே சட்டத்தில் இடம்பெற வேண்டும். அப்பணம் திறைசேரியிற் கரையாது தனி நிதியத்தில் நிற்கவேண்டும். நீரிறைக்கும் இயந்திரமும், ஒற்றை வண்டியை நம்பி வாழ்பவனின் பஸ்ஸும் லொறியும் அதில் முதலிடம் பெறவேண்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இதை எழுப்புவார்களா என்று அவரவர் தொகுதிக் கமக்காரர் சங்கங்கள் இப்போதே எழுத்து மூலம் கேட்கட்டும். விடையையும் எழுத்திலேயே வாங்கட்டும்.