கடலில் துளை போடும் கம்பெனிக்குத் தொழிலாளியின் சேமிப்பா?

உத்திரமேரூர் பஸ் நிலையத்து டீக்கடையில் போன வாரம் ஒரு தோழர் என்னைப் பிடித்துக்கொண்டார். அரிசி மில்லில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கியவர். இடுப்பு விட்டுப்போய் வேலையிலிருந்து நின்றபோது, பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் சேர்த்து அவர் கைக்கு வந்தது இரண்டு லட்ச ரூபாய். வருகிற தையில் மகளுக்குக் கல்யாணம்.

“தோழரே, ஒரு ஏஜெண்டுப் பையன் வீட்டுக்கு வந்தான். எண்ணெய்க் கிணறு தோண்டுற கம்பெனியாம். எங்கேயாவது சண்டை வந்தா எண்ணெய் விலை ஏறும், பங்கு ஆறு மாசத்துல ரெட்டிப்பாகும்னு செல்போன்ல கோடு போட்டுக் காட்டுறான். போடலாமா?”

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பங்கு மார்க்கெட் பண்டிதன் அல்ல. ஆனால் மூட்டைக் கூலி கணக்குப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்த ஏஜெண்டு ஒரு வீட்டோடு நிற்கப் போவதில்லை!

கிணறு யாருடையது?

முதலில் ஒரு புரட்டை உடைப்போம். எண்ணெய்க்குச் சொந்தக்காரன் வேறு. துளை போடுகிறவன் வேறு. ஏஜெண்டு இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் விற்கிறான்.

நம் பக்கத்து வயல்களுக்கு வருகிற போர்வெல் லாரியை நினைத்துப் பாருங்கள். அடிக்கு இத்தனை ரூபாய் என்று பேசித் துளை போடுகிறான். தண்ணீர் வந்தாலும் அவனுக்குக் கூலி. புகை வந்தாலும் கூலி. தண்ணீர் பீறிட்டால் அது நிலத்துக்காரனுக்கு. கடலில் துளை போடும் கம்பெனியும் இப்படிப்பட்ட போர்வெல் லாரிக்காரன்தான். அவனிடம் இருப்பது எண்ணெய் அல்ல. ரிக் எனப்படும் துரப்பண மேடை. அதை ஓ.என்.ஜி.சி. போன்ற எண்ணெய்க் கம்பெனிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறான். எண்ணெய் விலை ஏறினால் அந்த லாபம் நேரே இவன் பைக்கு வருவதில்லை. எண்ணெய்க்காரன் மேலும் கிணறு தோண்ட முன்வந்தால்தான் இவனுக்கு வாடகை ஏறும்.

விலை விழுந்தால்? எண்ணெய்க்காரன் முதலில் வெட்டுவது புதுக் கிணறு தோண்டும் செலவை. ரிக் சும்மா நிற்கும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் போர்வெல் லாரி புளியமரத்தடியில் நிற்பதைப் போல! லாரி நின்றாலும் கடன் தவணை நிற்குமா? வட்டி நிற்குமா? கடல் உப்பில் துருப்பிடிக்காமல் பராமரிக்கும் செலவு நிற்குமா?

ஆகவே இப்படிப்பட்ட பங்கை எடை போட நினைப்பவன் கேட்க வேண்டியவை மூன்று. எத்தனை ரிக்குகள் வாடகையில் ஓடுகின்றன? அந்த ஒப்பந்தங்கள் எத்தனை வருஷத்துக்கு? ரிக்குகளை வாங்கிய கடன் எவ்வளவு? ஏஜெண்டு செல்போனில் காட்டிய கோட்டில் இந்த மூன்றில் ஒன்றாவது இருந்ததா? இல்லை!

சென்னைக் கம்பெனி சொல்லும் பாடம்

வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நம் சென்னையிலேயே 1986-ல் தொடங்கப்பட்ட கம்பெனி ஒன்று உண்டு: அபான் ஆஃப்ஷோர். கடலில் துளை போடும் தொழிலில் இந்தியத் தனியார் கம்பெனிகளிலேயே பெரிய பெயர் எடுத்தது. 2006-லும் 2007-லும் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே இருந்த நேரத்தில், நார்வே நாட்டின் சின்வெஸ்ட் என்ற கம்பெனியை வாங்கியது. விலை நூறு கோடி டாலருக்கும் மேல். சொந்தப் பணமா? பெரும்பகுதி கடன்!

அப்போது பத்திரிகைகள் என்ன எழுதின? சென்னைக் கம்பெனி உலகக் கடலை ஆளுகிறது என்று மேளம் கொட்டின. 2008 தொடக்கத்தில் அதன் ஒரு பங்கு 5,000 ரூபாய்க்கும் மேல் விற்றது.

பிறகு நடந்தது என்ன? 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய் அதே வருஷம் டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. ஐயாயிரம் ரூபாய்ப் பங்கு சில நூறு ரூபாய்க்கு வந்தது. 2010 மே 13 அன்று வெனிசுலா கடலில் இக்கம்பெனிக் குழுமத்தின் ‘அபான் பேர்ல்’ என்ற மிதவை ரிக் மூழ்கியது. மேடையிலிருந்த 95 பேரும் உயிர் தப்பினார்கள். அதுவே பெரிய ஆறுதல். 2014-ல் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போயிற்று. ரிக்குகள் வாடகையின்றி நின்றன. கடன் தவணை கட்ட முடியவில்லை. பங்கு ஐம்பது ரூபாய்க்கும் கீழே இறங்கியது.

கணக்குப் போடுங்கள், தோழர்களே! ஐயாயிரத்தில் வாங்கியவனுக்கு ஐம்பது என்றால் நூற்றில் ஒரு பங்குதான் மிச்சம். இரண்டு லட்சம் போட்டவனுக்கு இரண்டாயிரம்! மகள் கல்யாணத்துக்கு வைத்த பணத்தில் மாலை வாங்கக்கூடக் காணாது.

இந்தக் கம்பெனி கெட்டிக்காரத்தனம் இல்லாமல் விழுந்தது என்று சிலர் வாதிக்கலாம். அதுவும் இல்லை. உலகத்தின் பெரிய துரப்பணக் கம்பெனிகளைப் பாருங்கள். சீட்ரில் 2017-ல் அமெரிக்கக் கோர்ட்டில் திவால் மனு கொடுத்தது. டயமண்ட் ஆஃப்ஷோர், நோபிள், வலாரிஸ் மூன்றும் 2020-ல் ஒன்றன்பின் ஒன்றாக அதே வாசற்படி ஏறின. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு விற்கிறவனே காசு கொடுக்க வேண்டிய விந்தை! திவாலான கம்பெனியில் கடன்காரனுக்கே முதல் உரிமை. பங்குக்காரன் வரிசையில் கடைசி. எல்லோரும் எடுத்தது போக மிஞ்சிய உமியே அவனுக்கு.

“லாபம் கண்டவனே கிடையாதா?”

இப்படி ஏஜெண்டு கேட்பான். நேர்மையாகப் பதில் சொல்வோம். உண்டு. ஓ.என்.ஜி.சி. பங்கு 2020 மார்ச்சில் எழுபது ரூபாய்க்கும் கீழே கிடந்தது. 2024-ல் 300 ரூபாயைத் தாண்டியது. கீழே வாங்கி மேலே விற்றவன் பணம் பண்ணினான்.

ஆனால் அவன் யார்? விலை விழுந்தபோது கையில் பணம் வைத்திருந்தவன். நாலு வருஷம் அந்தப் பணம் இல்லாமலே சாப்பிட முடிந்தவன். தொழிலாளியின் பணத்துக்குத் தேதி உண்டு, தோழர்களே! தையில் கல்யாணம். ஜூனில் பள்ளிக்கூடச் சம்பளம். திடீரென்று ஆஸ்பத்திரி. அந்தத் தேதியில் விலை கீழே கிடந்தால் அவன் கீழேயே விற்றாக வேண்டும். அதை வாங்கிக் காத்திருக்கிறவன் பணக்காரன். அறுவடை அன்றைக்கே கடனுக்காக நெல்லை விற்கும் குத்தகை விவசாயியும், ஆறு மாசம் குதிரில் வைத்து விற்கும் மிராசுதாரும் ஒரே விலையா வாங்குகிறார்கள்? பங்கு மார்க்கெட்டும் அப்படியே. விலை எல்லோருக்கும் ஒன்று. காத்திருக்கும் சக்தி எல்லோருக்கும் ஒன்றல்ல!

கோட்டில் வராத இன்னொரு கணக்கும் உண்டு. 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை எண்ணெய் வயலில் மேடை தீப்பற்றி 22 பேர் மாண்டார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ ரிக் வெடித்து 11 தொழிலாளர் உயிரிழந்தனர். 2021 மே மாதம் தௌக்தே புயலில், மும்பை ஹை ஒப்பந்த வேலைக்கு நின்ற பி-305 படகு மூழ்கிய துயரத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. புயல் எச்சரிக்கை வந்த பிறகும் அவர்களை ஏன் கடலில் வைத்திருந்தார்கள்? டிவிடெண்டு வாங்குகிறவன் இந்தக் கேள்வி கேட்பதில்லை.

நம் பணம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது

“அப்படியானால் பங்கு மார்க்கெட்டுப் பக்கமே நமக்கு வேலையில்லை” என்று துண்டை உதறிவிட்டுப் போய்விடலாமா? முடியாது. நம்மைக் கேட்காமலே நம் பணத்தை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்!

ஓ.என்.ஜி.சி. எப்படிப் பிறந்தது? இந்தியாவில் பெரிதாக எண்ணெய் கிடைக்காது என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் கை விரித்த காலத்தில், கே.டி. மாளவியா முன்னின்று, சோவியத் நிபுணர்களின் உதவியோடு 1956-ல் பொதுத்துறையில் உருவானது. 1960-ல் அங்கலேஷ்வரில் எண்ணெய் கண்டது. 1974-ல் ‘சாகர் சாம்ராட்’ என்ற தன் சொந்த ரிக்கைக் கொண்டே மும்பை ஹையில் எண்ணெய் கண்டது. மக்கள் பணத்தில் வளர்ந்த சொத்து அது.

அதைச் சர்க்கார் துண்டு துண்டாக விற்றது. 2004-ல் சுமார் பத்து சதவீதம் விற்று பத்தாயிரம் கோடிக்கு மேல் எடுத்தது. 2012 மார்ச்சில் இன்னும் ஐந்து சதவீதம் ஏலத்துக்கு வந்தது. தனியார் முதலாளிகள் மொய்த்தார்களா? பெரும்பகுதியை வாங்கியது எல்.ஐ.சி.! பாலிசி கட்டும் சாதாரண மக்களின் பணம். 2018 ஜனவரியில் ஓ.என்.ஜி.சி.யின் தலையில் இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் சர்க்கார் பங்குகளைக் கட்டினார்கள். விலை 36,915 கோடி ரூபாய். அதுவரை பெரிய கடனில்லாமல் இருந்த கம்பெனி கடன் வாங்கிக் கொடுத்தது. சர்க்காரின் பட்ஜெட் பள்ளம் நிரம்பியது. புதுக் கிணறு தோண்ட வேண்டிய பணம் போன இடம் அது!

2015 ஆகஸ்டிலிருந்து நம் பிராவிடண்ட் பண்டில் வரும் புதுப் பணத்தின் ஒரு பகுதியும் பங்கு மார்க்கெட்டுக்குப் போகிறது. முதலில் 5 சதவீதம். பிறகு 15 சதவீதம் வரை. பொதுத்துறைப் பங்குகளை மூட்டையாகக் கட்டி விற்ற திட்டங்களிலும் அது போடப்பட்டது. அந்த மூட்டையில் ஓ.என்.ஜி.சி.யும் உண்டு. ஆக, பங்கு என்றால் என்னவென்றே அறியாத மில் தொழிலாளியும் ஒரு விதத்தில் எண்ணெய்க் கம்பெனிப் பங்குக்காரன்! லாபநஷ்டத்தில் அவனுக்குப் பங்கு உண்டு. தீர்மானத்தில் பங்கு உண்டா?

கல்வெட்டு கேட்ட கணக்கு

நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலை என்று ஊரே பெருமை பேசுகிறது. அதில் இரண்டு விதிகளைக் கவனியுங்கள்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் உறவினர் பெயரையும் இடக்கூடாது. இது ஒரு விதி. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் உள்ளவனுக்கே இடம் என்பது இன்னொன்று. வயலில் இறங்கி உழைத்தவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது!

இன்றைய பங்குக் கம்பெனி இந்த இரண்டாவது விதியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. நூறு பங்கு வைத்திருக்கும் ஏழைக்கு நூறு ஓட்டு. கோடிப் பங்கு வைத்திருப்பவனுக்குக் கோடி ஓட்டு. முதல் விதியை மறந்துவிட்டது. கடன் வாங்கிக் கம்பெனியைக் கவிழ்த்தவன் குடத்திலிருந்து நீக்கப்படுகிறானா?

ஆகவே, தோழர்களே! தேதி குறித்து வைத்த பணத்தைத் துரப்பணக் கம்பெனிப் பங்கில் போடாதீர்கள். ஏஜெண்டு வந்தால் அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஓடும் ரிக் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை வருஷம், கடன் எவ்வளவு? பதில் தெரியாதவன் எழுந்து போவான். தெரிந்தவன் பதில் சொன்னால், அதைக் கேட்டு நீங்களே எழுந்து போவீர்கள்!

நம் பிராவிடண்ட் பண்டு எந்தப் பங்கில், என்ன விலைக்குப் போடப்பட்டது, இன்று என்ன மதிப்பு என்பதைத் தொழிலாளிக்குத் தமிழில் ஆண்டுதோறும் எழுதிக் கொடு என்று ஒவ்வொரு மில் வாசலிலும் கேட்போம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே இந்த ஊர்க் கல் கணக்குக் கேட்டது. இன்று கணக்குக் கேட்க வேண்டியவர்கள், அன்று குடத்தில் பெயர் இல்லாமல் போனவர்களின் பேரப் பிள்ளைகள்!

டீக்கடைத் தோழர் பணத்தைத் தபாலாபீசில் போட்டுவிட்டார். ரசீதை என்னிடம் காட்டினார். மறுநாள் அந்த ஏஜெண்டு பக்கத்துத் தெருவில் இன்னொரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தானாம். தோழர் அங்கேயும் போய்க் கேட்டிருக்கிறார்: “தம்பி, கடன் எவ்வளவு?”