எதிரணிக்கும் ஒரு கைதட்டல்

ஒரே ஒரு ரன்!

அந்த ஒரு ரன்னை அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் இன்னும் மறக்கவில்லை.

2019-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை இரவு. ஐதராபாத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் சென்னை சூப்பர் கிங்ஸ். மறு பக்கம் மும்பை இந்தியன்ஸ்.

முதலில் ஆடிய மும்பை 149 ரன் எடுத்தது. 150 எடுத்தால் சென்னைக்கு வெற்றி. கடைசி ஓவரில் 9 ரன் தேவை. கடைசிப் பந்தில் 2 ரன் தேவை. பந்து வீசியவர் மலிங்கா. மட்டையோடு நின்றவர் ஷர்துல் தாக்குர்.

பந்து காலில் பட்டது. நடுவர் விரலை உயர்த்தினார். சென்னை 148-ல் நின்றது. கோப்பை மும்பைக்குப் போயிற்று!

அன்று சென்னைக்காகத் தனியாளாகப் போராடியவர் வாட்சன். அவர் எடுத்தது 80 ரன். அவருடைய முழங்காலில் ரத்தம் கசிந்து, மஞ்சள் உடுப்பு சிவந்துவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு ஆறு தையல் போட்டார்கள்.

இன்றும் டீக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தால், டீ ஆறிப் போகும், பேச்சு ஆறாது. "தோனி ரன் அவுட்டா, இல்லையா?" என்று ஒருவர் கேட்பார். மூன்றாவது நடுவர் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனால் டீக்கடையில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை!

நாலு இறுதி ஆட்டங்கள்

இந்த இரண்டு அணிகளும் நாலு முறை இறுதி ஆட்டத்தில் மோதியிருக்கின்றன.

2010-ல் சென்னை 22 ரன் வித்தியாசத்தில் வென்றது. 2013-ல் மும்பை 23 ரன் வித்தியாசத்தில் வென்றது. 2015-ல் மீண்டும் மும்பை. வித்தியாசம் 41 ரன். 2019-ல் அந்த ஒரு ரன்.

ஆக, நாலில் மூன்று மும்பைக்கு. ஆனால் 2025 வரை வென்ற மொத்தக் கோப்பைகளை எண்ணினால், இரண்டும் சமம். ஆளுக்கு ஐந்து!

சென்னை அணி 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் போட்டியில் இல்லை. 2018 ஏப்ரலில் திரும்பி வந்தது. முதல் ஆட்டமே மும்பையில், மும்பையோடுதான். பிராவோ 30 பந்தில் 68 ரன் விளாசினார். காலில் அடிபட்டு வெளியே போன கேதார் ஜாதவ், நொண்டிக்கொண்டே திரும்பி வந்து வெற்றி ரன்னை அடித்தார். கையில் இருந்தது ஒரே விக்கெட். மீதி இருந்தது ஒரே பந்து.

இப்படிப்பட்ட ஆட்டங்களை ஜனங்கள் ஏன் மறப்பதில்லை? எதிரே நின்றவர் பலசாலி. அதனால்தான்! நோஞ்சான் அணியை வென்ற கதையை யாரும் பத்து வருஷம் பேசுவதில்லை. மலிங்கா இல்லாவிட்டால் வாட்சனின் ரத்தத்துக்கு ஏது பெருமை? சென்னை ரசிகரின் இனிய நினைவில் பாதி, மும்பை அணி கொடுத்தது. மும்பை ரசிகரின் நினைவில் பாதி, சென்னை கொடுத்தது.

தாய் பரிமாறிய விருந்து

அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட்டத்துக்கு ஏக மவுசு. அங்கே பாஸ்டன் நகரத்து செல்டிக்ஸ் அணிக்கும், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து லேக்கர்ஸ் அணிக்கும் பரம்பரைப் போட்டி. 1959 முதல் 1969 வரை ஏழு முறை இறுதி ஆட்டங்களில் மோதினார்கள். ஏழு முறையும் பாஸ்டனே வென்றது!

1980-களில் பாஸ்டனுக்கு லாரி பேர்ட் என்ற வீரர். லேக்கர்சுக்கு மேஜிக் ஜான்சன். 1984-ல் பாஸ்டன் வென்றது. 1985-லும் 1987-லும் லேக்கர்ஸ் வென்றது. இருவருக்கும் பேச்சு வார்த்தையே அதிகம் கிடையாது.

1985-ல் ஒரு காலணி விளம்பரப் படத்துக்காக, ஜான்சன் பேர்டின் சொந்த ஊருக்குப் போனார். பேர்டின் தாயார் அவரைக் கட்டி அணைத்து வரவேற்றார். வீட்டில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். அன்று இரண்டு வீரர்களும் மனம் விட்டுப் பேசினார்கள். நண்பர்கள் ஆனார்கள்.

1993-ல் பாஸ்டனில் பேர்டுக்குப் பிரிவு உபசார விழா. ஜான்சனும் வந்தார். மேலே தன் அணியின் சட்டை. அதைத் திறந்து காட்டினார். உள்ளே பாஸ்டன் அணியின் பனியன்! கூட்டம் ஆரவாரம் செய்தது.

அதற்காக அவர்கள் களத்தில் விட்டுக்கொடுத்து ஆடியது உண்டா? இல்லை. முழு மூச்சோடு ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் மனிதர்களாக இருந்தார்கள். அவ்வளவுதான்.

சேப்பாக்கம் சொன்ன பாடம்

இந்தப் பாடத்துக்கு அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. ஆவடியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, சேப்பாக்கம் மைதானத்துக்குப் போனவர்களைக் கேட்டாலே போதும்.

1999 ஜனவரி 31. இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய டெஸ்ட் ஆட்டத்தின் நாலாம் நாள். இந்தியா வெல்ல 271 ரன் வேண்டும். டெண்டுல்கர் 136 ரன் எடுத்தார். வெற்றி கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. அவர் அவுட் ஆனார். பின்னால் வந்தவர்கள் மளமளவென்று சரிந்தார்கள். 12 ரன்னில் தோல்வி!

மைதானம் ஒரு கணம் ஊமையாயிற்று. பிறகு ஜனங்கள் எழுந்து நின்றார்கள். வென்ற பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். சென்னையின் பெயர் உலகமெங்கும் பரவியது. தோற்ற நாளில் சென்னை சம்பாதித்த புகழ், வென்ற பல நாட்களில் கிடைத்ததில்லை.

உயிரைவிடப் பெரியதா?

இன்று சிலர் இந்தப் பாடத்தை மறந்துவிட்டார்கள்.

2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில் இரண்டு நண்பர்கள் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு தகராறு ஆயிற்று. ஒருவர் உயிர் போயிற்று. மற்றவர் கைதானார். 2024 மார்ச்சில் மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்தில், மும்பை வீரர் ரோகித் சர்மா அவுட் ஆனதும் ஒரு முதியவர் மகிழ்ந்து பேசினார். அவர் சென்னை அணியின் ரசிகர். தலையில் பலத்த அடி. சில நாட்களில் இறந்துபோனார்.

அந்தக் குடும்பங்களுக்கு எந்தக் கோப்பை ஆறுதல் சொல்லும்?

சென்னையின் மேற்குப் பகுதி பல ஊர்க்காரர்கள் சேர்ந்து வாழும் இடம். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் இருக்கிறது. விமானப்படை நிலையம் இருக்கிறது. அம்பத்தூரில் பெரிய தொழிற்பேட்டை இருக்கிறது. எல்லா மாநிலத்தாரும் இங்கே பிழைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மும்பை ரசிகராக இருக்கலாம். அடுத்த மிஷினில் வேலை செய்பவர் கல்கத்தா ரசிகராக இருக்கலாம். ஒரே வீட்டில் அண்ணன் சென்னை, தம்பி மும்பை என்பதும் உண்டு.

வீரர்களே அணி மாறுகிறார்கள். ஹர்பஜன் சிங் மூன்று இறுதி ஆட்டங்களில் மும்பைக்காக ஆடினார். 2018-ல் சென்னைக்கு வந்தார். தமிழில் செய்தி எழுதி ரசிகர்களை மகிழ்வித்தார். நேற்று "எதிரி", இன்று "நம்ம பாஜி"! வீரர்களுக்கு இல்லாத பகை ரசிகர்களுக்கு எதற்கு?

பிள்ளைகள் ஆட்டம் பார்க்கட்டும். ஆரவாரம் செய்யட்டும். தோற்றால் கண் கலங்கட்டும். அதில் தப்பு இல்லை. ஆனால் எதிரணிக்காரர் நன்றாக ஆடினால், அப்பாவும் அம்மாவும் முதலில் கைதட்டட்டும். பிள்ளைகள் தானாகக் கற்றுக்கொள்வார்கள்.

ஆட்டம் மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பக்கத்து வீட்டு உறவு ஆயுள் முழுவதும் வேண்டும்.